அதிகாலை ஐந்தரை

விலை கொடுத்து வாங்கிய சிஸ்டம்
ஒரு மழைக்காலத்தில் வைரஸ் வந்து படுத்துவிட்டது.
அப்புறம் போட்டதுதான் இது,
பென்டிரைவிலிருந்து, காசில்லாமல்.

பாஸ்வேர்ட் அடித்தால் ஒரு புள்ளிகூடக் காட்டாது.
"எக்கா, கீபோர்டு செத்துப்போச்சா?"
ஜெராக்ஸுக்கு நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.
கரண்ட் போன இருட்டில் ஊக்கு குத்துவதுபோல்
அடித்து முடிப்பேன்.
பெரிய ஏ போட்ட ஆதார் ஒன்று,
சின்ன ஏ போட்ட ஆதார் ஒன்று என்றால்
ரெண்டு ஆள் என்றுதான் எண்ணும்.
அதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது இதுவாக்கும்:
கேபிள் குத்தி ஃபோனிலிருந்து படம் இழுக்கும்போது
சில நேரம் தேதி வழியில் தொலைந்துபோகும்.
தேதி இல்லாததற்கு சைபர் போடும்.
சைபருக்கும் ஒரு நாள் வைத்திருக்கிறது:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு.
குளச்சலில் அதிகாலை ஐந்தரை.

அந்த ஒரே விடியலில்தான்
கொடிமுனையில் ஒரு ஞானஸ்நானம்,
வாணியக்குடியில் கல்யாணப் பந்தி,
யாரோ ஒருத்தரின் முட்டு எக்ஸ்ரே,
நாலு ரேஷன் கார்டு,
கருங்கல் சந்தையில் விலை பேசிய பசு.
இத்தனைபேர் விழித்தும்
வெளிச்சம் மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெரோமியாசின் வள்ளமும்
அங்கேயே வந்து சேர்ந்தது.
தூண்டில் வளைவில் மோதி, அணியம் பிளந்து,
பிளாஷ் வெளிச்சத்தில் ஃபைபர் நார் நாராக.
"இன்சூரன்சுக்கு வேணும். தேதியோட அடிச்சுத் தா."
"லேய், நீ பெறக்கதுக்கு மின்னேயே
உன் வள்ளம் ஒடஞ்சிருக்கு."
அவன் சிரிக்கவில்லை.
பாலிசி பதினாலாந் தேதி ராத்திரி பன்னிரண்டோடு முடிந்திருக்கிறது.
வள்ளம் உடைந்தது
பதினைந்து, விடியாத மூன்றேகால்.
"ஒரு நாள் மின்ன ஆக்கித் தா எக்கா. ஒரே ஒரு நாள்."

ஆக்கலாம். அதற்கொரு வார்த்தை இருக்கிறது.
டச். தொடு.
நாளைச் சொல்லி, பேரைச் சொல்லித் தொட்டால்
அந்த நாளுக்கு ஃபைல் போய்விடும்.
ஏன் என்று கேட்காது. பாஸ்வேர்டும் கேட்காது.
ஆச்சு என்றுகூடச் சொல்லாது;
வேலை நடந்தால் இதற்குப் பேச்சில்லை,
நடக்காவிட்டால்தான் வாய் திறக்கும்.
வரியை அடித்துவிட்டேன்.
என்டர் மேல் விரல்.

பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்தேன்,
கடைசி எழுத்து போகும்வரை.
நல்லவள் என்பதால் இல்லை.
படத்தின் வயிற்றுக்குள் வேறொரு தேதி கிடக்கும்,
ஆபீசில் எவனாவது தோண்டிவிடுவான்.

சரி, நானே தோண்டினேன்.
வரி வரியாய்க் கொட்டியது:
கேமரா கம்பெனி, பிளாஷ் அடித்தது,
கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர்,
எடுத்த நேரம் பதினைந்தாந் தேதி, மூன்று பதினைந்து.
அதற்கும் வெகு கீழே
சாட்டிலைட் குறித்துவைத்த நேரம்:
பதினாலாந் தேதி, இருபத்தொன்று நாற்பத்தைந்து.

ஜெரோமியாஸ் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"இதுல எதாக்கும் உண்மை?"
"ரெண்டும். சாட்டிலைட்டுக்கு நம்ம ஊரு மணி தெரியாது.
அஞ்சர மணிநேரம் கூட்டிக்கிடணும்."
"கூட்டண்டாம்" என்றான்.

ஒரு வரியும் வெட்டாமல் அடித்துக் கொடுத்தேன்.
ஆபீசரின் விரல் எந்த வரியில் நிற்குமோ.

ரெண்டு பக்கம், கலர் படம் ஒன்று, முப்பது ரூபாய்.
"சிஸ்டம் ஓசியாக்கும்னு நீதானே சொன்ன?"
"பேப்பர் ஓசி இல்ல மக்கா."
பதினைந்து தந்தான்.
மிச்சத்தை அவன் பேருக்கு நோட்டில் எழுதினேன்,
தேதி போடாமல்.